பிரிட்டன்ல இருந்து மோட்டார்ஹோம் எடுத்துட்டு மாசக்கணக்குல ஐரோப்பா சுத்த சட்டப்படி என்னென்ன வேணும்: முழுமையான வழிகாட்டி

நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப மோட்டார்ஹோம் (உள்ளயே தங்கி தூங்குற வசதி இருக்கிற வண்டி) வாங்குறாங்க, ரெண்டு வாரம் பிரான்ஸ் போயிட்டு வர்றதுக்கு பெரிசா எதுவும் தேவையில்ல, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் இன்சூரன்ஸும் இருந்தா கிளம்பிடலாம். ஆனா ரிட்டயர் ஆகிட்டு இல்ல வேலைக்கு லீவு போட்டுட்டு ஆறு மாசம், ஒரு வருஷம்னு கிளம்பினா கதையே வேற. இந்த வழிகாட்டி அவங்களுக்குத்தான். பிரிட்டன்ல குடியிருந்து, பிரிட்டன்ல பதிவு பண்ண வண்டிய ஐரோப்பாவுக்கு கொண்டு போறவங்க கண்டிப்பா தெரிஞ்சிருக்க வேண்டியது.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா மனசுல வெச்சுக்கோங்க. உங்களுக்கு ஒரு நாள் கணக்கு ஓடுது, வண்டிக்கு தனியா ஒரு கணக்கு ஓடுது, வண்டியோட பிரிட்டிஷ் பேப்பருங்களுக்கு மூணாவதா ஒண்ணு ஓடுது. ஒண்ணுல அனுமதி கிடைச்சிடுச்சுன்னா இன்னொண்ணும் நீண்டுடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. நிறைய பேர் விசா வாங்கிட்டோம், எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சுக்கிறாங்க, அங்கதான் மாட்டுறாங்க.

படி 1: உங்க நாள் கணக்கு, அதாவது 90/180

பிரெக்ஸிட் மாற்றக்காலம் 2020 டிசம்பர் 31-ஓட முடிஞ்சதுல இருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வெச்சிருக்கவங்க ஷெங்கன் பகுதிக்குள்ள (உள்ளுக்குள்ள பொதுவா பார்டர் செக் இல்லாத ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாள்தான் இருக்கலாம். இது ஒரு நாட்டுக்கு 90 இல்ல, 29 நாடும் சேர்ந்து 90. நுழையுற நாளும் கணக்கு, வெளிய வர்ற நாளும் கணக்கு. ஜனவரி, ஜூலைன்னு புதுசா ஆரம்பிக்கிற கணக்கும் இல்ல, ஒவ்வொரு நாளும் அந்த நாள்ல இருந்து பின்னாடி 180 நாள் எண்ணி பாக்கணும்.

ஒரு உதாரணம் போட்டா புரியும். செப்டம்பர் 1 உள்ள போறீங்க, வெளிய வராம இருந்தா நவம்பர் 29 உங்களோட 90-வது நாள், அன்னைக்கு ராத்திரி 12-க்குள்ள வெளிய இருக்கணும். அதுக்கப்புறம் திரும்பி உள்ள வரணும்னா பிப்ரவரி 28 வரைக்கும் காத்திருக்கணும், அன்னைக்குத்தான் செப்டம்பர் 1 அந்த 180 நாள் ஜன்னலுக்கு வெளிய போகுது, அதுல இருந்து தினம் ஒரு பழைய நாள் விழுந்துட்டே இருக்கும், அதனால மறுபடி முழு 90 நாள் கிடைக்கும். சுருக்கமா 90 உள்ள, 90 வெளிய.

முன்னாடி பாஸ்போர்ட்ல சீல் குத்துவாங்க, மங்கலா இருக்கும், பார்டர்ல இருக்கவர் எண்ணவும் மாட்டார். இப்ப அப்படி இல்ல. 2025 அக்டோபர் 12-ல இருந்து படிப்படியா கொண்டு வந்த இஇஎஸ் முறையில கைரேகையும் முகப்படமும் எடுத்து, நுழைவு, வெளியேற்றம் ரெண்டையும் கம்ப்யூட்டரே எண்ணுது. டோவர்லயும் ஃபோக்ஸ்டன்லயும் பிரெஞ்சு பார்டர் செக் பிரிட்டன் மண்ணுலயே நடக்குறதால இந்த பதிவும் அங்கேயே நடக்கும், அதுக்கும் நேரம் ஒதுக்கிக்கோங்க. ஒரு நாள் கூடினாலும் பதிவாகும், அபராதமோ நுழைவுத் தடையோ போடற அதிகாரம் அந்தந்த நாட்டுக்கு இருக்கு. அதனால 90-ஐ முழுசா பிளான் பண்ணாதீங்க, வண்டி ரிப்பேர், ஃபெர்ரி ரத்துன்னு எதுவும் வரலாம், 85-ல நிறுத்துங்க.

பாஸ்போர்ட்ட பாருங்க. உள்ள போற நாள்ல அது கொடுத்து 10 வருஷம் தாண்டியிருக்கக்கூடாது, ஷெங்கன விட்டு கிளம்புற நாளுக்கு அப்புறம் இன்னும் 3 மாசமாவது செல்லுபடியா இருக்கணும். பழைய பாஸ்போர்ட் சிலதுல முன்னாடி மிச்சமிருந்த மாசங்களை சேர்த்து போட்டு கொடுத்திருப்பாங்க, முடிவு தேதி நல்லா இருந்தும் 10 வருஷ விதியில அடிபடும்.

இப்ப நம்மவங்களுக்குன்னு இருக்கிற மூணு நிலைமை.

இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ வெச்சிருந்தா, பிரிட்டன்ல ஐஎல்ஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) இருந்தாலும் ஷெங்கன் விசா வேணும். கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவ கவர் இருக்கிற டிராவல் இன்சூரன்ஸ் காட்டணும், எந்த நாட்டுல அதிக நாள் இருக்கப் போறீங்களோ அந்த நாட்டுக்கு அப்ளை பண்ணணும். விசாவுல எத்தனை நாள்னு போட்டிருக்கோ அத்தனை நாள்தான், 90 தானா கிடைக்கும்னு நினைக்காதீங்க. ஸ்டிக்கர்ல இருக்கிற தேதி வேற, நாள் எண்ணிக்கை வேற, ரெண்டையும் படிங்க.

ஐஎல்ஆர்ல இருக்கவங்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம், தொடர்ந்து 2 வருஷம் பிரிட்டனுக்கு வெளிய இருந்தா ஐஎல்ஆர் போயிடும். இன்னும் ஐஎல்ஆர் வாங்காம, அஞ்சு வருஷ வழியில இருக்கவங்க எந்த 12 மாசத்துலயும் 180 நாளுக்கு மேல வெளிய இருக்கக்கூடாது. குடியுரிமைக்கு அப்ளை பண்ணப் போறவங்களுக்கு அஞ்சு வருஷத்துல 450 நாள், கடைசி வருஷத்துல 90 நாள்னு பொதுவான வரம்பு. ஒரு நல்ல ட்ரிப்புக்காக குடியுரிமைய தள்ளிப் போட வேண்டியிருக்குமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே உக்காந்து பாருங்க.

மூணாவது, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்துன்னு முதல்ல அங்க குடியுரிமை வாங்கிட்டு அப்புறம் லண்டனுக்கு வந்த ஈழத்தமிழ் குடும்பங்க நிறைய. அந்த பாஸ்போர்ட் கையில இருந்தா 90 நாள் கணக்கு உங்களுக்கு கிடையாது, ஒரே நாட்டுல 3 மாசத்துக்கு மேல தங்கினா அங்க பதிவு பண்ண வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனா வண்டிக்கு இந்த சலுகை கிடையாது. வண்டி விஷயத்துல எந்த நாட்டு பாஸ்போர்ட்ங்கறது முக்கியமில்ல, எங்க குடியிருக்கீங்கங்கறதுதான் முக்கியம்.

படி 2: 90 நாளுக்கு மேல வேணும்னா

ரெண்டு வழி. ஒண்ணு லாங் ஸ்டே விசா. பிரான்ஸ் விசிட்டர் விசா 4-லிருந்து 12 மாசம் வரைக்கும் கொடுப்பாங்க, வேலை செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடுக்கணும், பணம் இருக்குன்னும் ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்குன்னும் காட்டணும். விஎல்எஸ்-டிஎஸ் வகை (ரெசிடென்ஸ் பெர்மிட்டாவும் செல்லுற லாங் ஸ்டே விசா) கிடைச்சா போய் இறங்கின 3 மாசத்துக்குள்ள ஆன்லைன்ல அதை உறுதி பண்ணணும், மறந்தா விசா வீண். தங்குமிடத்துக்கு ஆதாரம் கேப்பாங்க, வண்டிலயே இருப்பேன்னு சொன்னா மட்டும் போதாது, கேம்ப்சைட் புக்கிங்கோ வாடகை ஒப்பந்தமோ அங்க இருக்க சொந்தக்காரங்க கொடுக்கிற கடிதமோ வேணும். ஸ்பெயின்ல நான்-லுக்ரேடிவ் விசாவுக்கு ஐப்ரெம்னு ஒரு அளவுகோல் இருக்கு, அதுல 400 சதவீதம் வருமானம் காட்டணும், ஐப்ரெம் மாசம் 600 யூரோன்னா 2,400 யூரோ, கூட வர்ற ஒவ்வொருத்தருக்கும் இன்னொரு 600. இந்த மாதிரி விசா கொடுத்த நாட்டுல நீங்க இருக்கிற நாள் 90 கணக்குல சேராது, மத்த ஷெங்கன் நாடுகளுக்கு போனா அங்க மட்டும் 90/180 ஓடும்.

லேப்டாப்ல இருந்து வேலை பார்த்துட்டே சுத்துறவங்க கவனமா இருங்க. விசிட்டரா போறது வேற, வேலை பாக்குறது வேற, ஸ்பெயின் மாதிரி சில நாடுகள்ல அதுக்குன்னே டிஜிட்டல் நோமாட் விசா இருக்கு.

ரெண்டாவது வழி விசா இல்லாம, ஷெங்கனுக்கு வெளிய போய் 90 நாள கழிக்கிறது. அல்பேனியா, செர்பியா, மாண்டிநீக்ரோ, போஸ்னியா, வட மாசிடோனியா, துருக்கி, மொராக்கோ இதெல்லாம் ஷெங்கன் இல்ல. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு அல்பேனியா, துருக்கி, மொராக்கோ மூணுலயும் விசா இல்லாம 90 நாள் இருக்கலாம். குரோஷியா 2023 ஜனவரி 1-ல ஷெங்கன்ல சேர்ந்திடுச்சு, பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1-ல இருந்து தரைவழிக்கும் முழுசா சேர்ந்தாச்சு, பழைய ரூட் பிளான்கள பாத்துட்டு ருமேனியால நாள் ஓட்டிடலாம்னு கிளம்பாதீங்க. என்னை கேட்டா இலையுதிர் காலத்துல ஸ்பெயின், குளிர்காலம் முழுக்க மொராக்கோ, அப்புறம் மார்ச்ல மறுபடி ஐரோப்பா, இதுதான் நல்ல சுற்று. வெயிலும் இருக்கும், சட்டத்துக்குள்ளயும் இருப்பீங்க.

படி 3: வண்டியோட கணக்கு

யாரும் சரியா பேசாத இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

பிரிட்டன் இப்ப ஐரோப்பிய சுங்க எல்லைக்கு வெளிய இருக்கு. உங்க வண்டி கலேல இறங்குற நிமிஷமே சட்டப்படி அது தற்காலிக இறக்குமதி. பார்டர்ல யாரும் பேப்பர் கொடுக்க மாட்டாங்க, கேக்கவும் மாட்டாங்க, ஆனா விதி இருக்கு. வெளிய குடியிருக்கவர் தன்னோட சொந்த உபயோகத்துக்கு கொண்டு வர்ற வண்டி பொதுவா 6 மாசம் வரைக்கும் வரி இல்லாம இருக்கலாம். 12 மாசத்துல 6 மாசம்னு கணக்கு வெச்சு பிளான் பண்றதுதான் பாதுகாப்பு. தாண்டினா இறக்குமதி வரியும் அந்த நாட்டு வாட்டும் கேக்கலாம். கார் வகைக்கு ஐரோப்பிய இறக்குமதி வரி 10 சதவீதம், வாட் ஜெர்மனில 19, பிரான்ஸ்ல 20, ஸ்பெயின்ல 21. அறுபதாயிரம் பவுண்ட் வண்டிக்கு இதை போட்டு பாருங்க, நான் ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னு புரியும்.

வண்டிய ஸ்பெயின்ல ஒரு ஸ்டோரேஜ்ல போட்டுட்டு நீங்க ஃபிளைட் பிடிச்சு வீட்டுக்கு வந்தா உங்க 90 நாள் நிக்கும், வண்டியோட கணக்கு நிக்காது, அது அங்கதான இருக்கு.

அதே மாதிரி பாரிஸ்ல இருக்க சித்தப்பா பையன், டோர்ட்முண்ட்ல இருக்க மச்சான்கிட்ட வண்டிய கொடுத்து நாலு நாள் சுத்திட்டு வான்னு சொல்லாதீங்க. ஐரோப்பால குடியிருக்கவர் நீங்க இல்லாத நேரத்துல அந்த வண்டிய ஓட்டினா வரிச்சலுகை உடையலாம், இன்சூரன்ஸும் கேள்விக்குறி. பாசம் வேற, சுங்கச் சட்டம் வேற.

இப்ப லாங் ஸ்டே விசா வாங்கினவங்களுக்கு வர்ற சிக்கல். விசா வாங்கி அங்க குடியிருப்பாளரா ஆயிட்டீங்கன்னா வண்டிக்கு "வெளிநாட்டுல குடியிருக்கவரோட வண்டி"ங்கற தகுதி போயிடும். பிரான்ஸ்ல குடியேறினா ஒரு மாசத்துக்குள்ள வண்டிய அங்க பதிவு பண்ணணும். அதுக்கு நல்ல சலுகை ஒண்ணும் இருக்கு, குடிபெயர்வு வரிவிலக்கு. போறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 மாசம் வெளிய குடியிருந்திருக்கணும், வண்டி 6 மாசமாவது உங்க உபயோகத்துல இருந்திருக்கணும், குடியேறின 12 மாசத்துக்குள்ள இறக்குமதி பண்ணணும், அப்புறம் 12 மாசத்துக்கு விக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. புது வண்டி வாங்கி ரெண்டாம் மாசமே குடியேறினா இந்த விலக்கு கிடையாது, அதனால வாங்குற தேதியவே இதை வெச்சு முடிவு பண்ணுங்க. பதிவு பண்ணும்போது ஹெட்லைட்ட வலது பக்க சாலைக்கு ஏத்த மாதிரி மாத்தணும், உள்ளூர் ஃபிட்னஸ் டெஸ்ட் பாஸ் பண்ணணும், செலவு இருக்கு.

படி 4: பிரிட்டன் பக்கத்து பேப்பர்

12 மாசத்துக்குள்ள திரும்பி வருவீங்கன்னா வண்டி பிரிட்டிஷ் வண்டிதான், ரோட் டாக்ஸ் கட்டியிருக்கணும், எம்ஓடி (வருஷாந்திர வண்டி டெஸ்ட்) உயிரோட இருக்கணும். 12 மாசமோ அதுக்கு மேலயோன்னா நிரந்தர ஏற்றுமதின்னு டிவிஎல்ஏவுக்கு (பிரிட்டன்ல வண்டி, லைசன்ஸ் பதிவு பண்ற அலுவலகம்) சொல்லணும், லாக் புக்ல (வண்டியோட பதிவுச் சான்று) அதுக்குன்னு ஒரு பகுதி இருக்கு. சொன்னதும் மிச்ச மாசத்து டாக்ஸ் திரும்ப வரும், ஆனா அப்புறம் அந்த வண்டிய வேற நாட்டுல பதிவு பண்ணியே ஆகணும், இல்லன்னா அது எங்கயும் ஓட்ட முடியாத வண்டி. வண்டி வெளிநாட்டுல இருக்கும்போது சார்ன் (வண்டிய ரோட்ல ஓட்டலன்னு கொடுக்கிற அறிவிப்பு) போட்டு டாக்ஸ மிச்சம் பண்ணலாம்னு சிலர் சொல்வாங்க, அது பிரிட்டன்ல தனியார் இடத்துல நிக்கிற வண்டிக்குத்தான்.

எம்ஓடி பிரிட்டன்ல மட்டும்தான் எடுக்க முடியும், ஸ்பெயின்ல பண்ற ஐடிவிங்கற வண்டி டெஸ்ட் அதுக்கு சமம் கிடையாது. எம்ஓடி இல்லாம டாக்ஸ் புதுப்பிக்க முடியாது, டாக்ஸ் போனா இன்சூரன்ஸ்லயும் பிரச்சனை. அதனால இன்னும் நாலு மாசம் மிச்சமிருந்தாலும் பரவாயில்லன்னு கிளம்புறதுக்கு முந்தின வாரம் புது எம்ஓடி போட்டுடுங்க, முழு 12 மாசம் கையில இருக்கும். வருஷத்துக்கு ஒருதடவை இந்த டெஸ்ட்டுக்காகவாவது வண்டி ஊருக்கு வரணும், அதை சுத்தியே ரூட்ட போடுங்க. வெளிய இருக்கும்போதே முடிஞ்சுபோச்சுன்னா, திரும்பி வந்ததும் முன்கூட்டியே புக் பண்ண டெஸ்ட்டுக்கு நேரா போகத்தான் பிரிட்டிஷ் சட்டம் விடுது.

லாக் புக் ஒரிஜினல் வேணும், ஃபோட்டோகாப்பி ஆகாது. வாடகை வண்டி, லீஸ் வண்டின்னா லாக் புக்குக்கு பதிலா விஇ103 சான்றிதழ். ஃபைனான்ஸ்ல இருக்க வண்டின்னா எத்தனை நாள் வெளிய கொண்டு போகலாம்னு அந்த கம்பெனிகிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க.

வீட்ட வித்துட்டு வண்டியிலயே வாழப் போறவங்களுக்கு முகவரிதான் பெரிய பிரச்சனை. டிவிஎல்ஏவுக்கும் இன்சூரன்ஸுக்கும் உண்மையான பிரிட்டன் முகவரி வேணும், மகன் வீடோ தங்கச்சி வீடோ, லெட்டர் வந்தா பிரிச்சு பாத்து ஃபோன் பண்ற ஆள் இருக்க இடமா இருக்கணும். லைசன்ஸ்ல முகவரி மாத்தாம விட்டா 1,000 பவுண்ட் வரைக்கும் அபராதம்.

படி 5: லைசன்ஸும் எடையும்

பிரிட்டிஷ் ஃபோட்டோகார்டு லைசன்ஸ் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்ல விசிட்டரா போறவங்களுக்கு போதும். ஒன்றியத்துக்கு வெளிய போகும்போது சில நாடுகளுக்கு ஐடிபி (சர்வதேச ஓட்டுநர் அனுமதி) வேணும், 2024 ஏப்ரல்ல இருந்து அது போஸ்ட் ஆஃபீஸ்ல இல்ல, பேபாயிண்ட் கடைகள்ல கிடைக்கும், 5.50 பவுண்ட். 1949, 1968னு ரெண்டு வகை முக்கியம், போற நாட்டுக்கு எதுன்னு பாத்து வாங்கணும்.

எடைய பத்தி நம்மவங்க அசட்டையா இருக்காங்க. 1997 ஜனவரி 1-க்கு முன்னாடி பிரிட்டன்ல கார் டெஸ்ட் பாஸ் பண்ணவங்களுக்கு சி1 சேர்ந்தே இருக்கு, 7,500 கிலோ வரைக்கும் ஓட்டலாம், 70 வயசு வரைக்கும், அதுக்கப்புறம் மெடிக்கல் வேணும். அதுக்கு அப்புறம் பாஸ் பண்ணவங்களுக்கு, அதாவது நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு, 3,500 கிலோதான் எல்லை. வண்டி காலியா இருக்கும்போது எடை இல்ல, வண்டியோட எடைத் தகட்டுல போட்டிருக்க அதிகபட்ச எடை. 100 லிட்டர் தண்ணி 100 கிலோ, நாலு பேர், கேஸ், சைக்கிள், ஆனிங் (வண்டி பக்கத்துல விரிக்கிற நிழல் கூரை), ஒரு அரிசி மூட்டை, கிரைண்டர், எல்லாம் ஏத்தினா 3,500 ஈஸியா தாண்டும். முழுசா ஏத்திட்டு ஒரு வேபிரிட்ஜ்ல (வண்டிய எடை போடுற மேடை) நிறுத்தி பாருங்க.

3,500-ஐ தாண்டின வண்டின்னா விதி மாறும். ஆஸ்திரியால வின்யட் (மோட்டார்வே கட்டண ஸ்டிக்கர்) போதாது, கிலோமீட்டருக்கு காசு எடுக்கிற கோ-பாக்ஸ் வேணும், சுவிஸ்ல 40 ஃபிராங்க் வின்யட்டுக்கு பதிலா கனரக வண்டி வரி. பிரான்ஸ்ல 2021-ல இருந்து ரெண்டு பக்கமும் பின்னாடியும் "ஆங்கிள் மோர்" (டிரைவருக்கு தெரியாத பக்கம்னு எச்சரிக்கிற) ஸ்டிக்கர் ஒட்டணும், மோட்டார்ஹோமுக்கும் சேர்த்துத்தான்.

படி 6: இன்சூரன்ஸ்

2021 ஆகஸ்ட் 2-ல இருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு கிரீன் கார்டு (வெளிநாட்டுல வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னு காட்டுற சான்று) தேவையில்ல, செர்பியா, போஸ்னியா, மாண்டிநீக்ரோவுக்கும் தேவையில்ல. அல்பேனியா, துருக்கி, வட மாசிடோனியா, மொராக்கோவுக்கு வேணும். மொராக்கோவுக்கு நிறைய பிரிட்டிஷ் கம்பெனிங்க கவரே கொடுக்க மாட்டாங்க, அப்ப பார்டர்ல வாங்கலாம், ஆனா அது தேர்ட் பார்ட்டி மட்டும்தான்.

பாலிசில "ஐரோப்பா கவர் உண்டு"ன்னு பாத்துட்டு நின்னுடாதீங்க. ஒரு ட்ரிப்புக்கு எத்தனை நாள், வருஷத்துக்கு மொத்தம் எத்தனை நாள், வண்டியிலயே நிரந்தரமா வாழ்றத ஏத்துக்குவாங்களான்னு மூணு கேள்விய எழுத்துல கேளுங்க. 90 நாள் கவர் இருக்க பாலிசியோட 120-வது நாள் விபத்து ஆச்சுன்னா எதிராளிக்கு தேர்ட் பார்ட்டி வேலை செய்யலாம், உங்க வண்டிக்கு ஒண்ணும் வராது.

உடம்புக்கு ஜிஹெச்ஐசி கார்டு இலவசம், காசு கேக்குற வெப்சைட்டெல்லாம் போலி. அது அரசு ஆஸ்பத்திரில அவசர சிகிச்சைக்கு உதவும், ஊருக்கு ஃபிளைட்ல கொண்டு வர்ற செலவெல்லாம் அதுல வராது, லாங் ஸ்டே டிராவல் இன்சூரன்ஸ் தனியா எடுக்கணும். சாதாரண வருடாந்திர பாலிசில ஒரு ட்ரிப் 31 நாள்னு போட்டிருக்கிறது சகஜம். மூணு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா உங்க ஜிபி (குடும்ப டாக்டர்) லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்துட வாய்ப்பிருக்கு, தினசரி மாத்திரை சாப்பிடுற அப்பா அம்மாவ கூட்டிட்டு போறவங்க இதை முன்கூட்டியே பேசிடுங்க.

வரி விஷயம், ஒரே நாட்டுல வருஷத்துக்கு 183 நாள் தாண்டினா ஸ்பெயின் மாதிரி நாடுகள் உங்களை வரி குடியிருப்பாளரா எடுத்துக்கும். பிரிட்டன்ல வீட்டு வாடகையோ பென்ஷனோ வருதுன்னா ஒரு அக்கவுண்டன்ட்கிட்ட பேசுங்க.

படி 7: வண்டியில ஒட்டுறது, வெக்கிறது

2021 செப்டம்பர் 28-ல இருந்து "யூகே" ஸ்டிக்கர், பழைய "ஜிபி" செல்லாது. நம்பர் பிளேட்லயே யூகே இருந்தா போதும், ஆனா ஸ்பெயின், மால்டா, சைப்ரஸ்ல அப்பவும் தனி ஸ்டிக்கர் வேணும். முக்கோண எச்சரிக்கை, கைக்கு எட்டுற இடத்துல மஞ்சள் வெஸ்ட், ஹெட்லைட் பீம் டிஃப்ளெக்டர் (எதிர்ல வர்றவங்க கண்ணு கூசாம இருக்க ஒட்டுறது). பின்னாடி சைக்கிள் ரேக் நீட்டியிருந்தா ஸ்பெயின்லயும் இத்தாலிலயும் சிவப்பு வெள்ளை கோடு போட்ட 50-க்கு 50 செ.மீ. பலகை. பிரான்ஸ்ல ஸ்பீட் கேமராவ கண்டுபிடிக்கிற கருவி சட்டவிரோதம். ஜெர்மன் நகரங்கள்ல பல இடத்துல வண்டிப் புகை அளவுக்கான பச்சை ஸ்டிக்கர், பிரசல்ஸ், ஆன்ட்வெர்ப்ல நுழைய ஆன்லைன் பதிவு, பழைய டீசல் வண்டின்னா நகரத்துக்குள்ள போகாம வெளிய நிறுத்திட்டு ட்ரெயின்ல போறதே நல்லது.

ராத்திரி நிறுத்துறது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயின்ல பார்க்கிங் வேற கேம்பிங் வேற, ஆனிங் விரிச்சு நாற்காலி போட்டா அது கேம்பிங். குரோஷியால கேம்ப்சைட்டுக்கு வெளிய தங்குறதே தடை.

படி 8: பார்டர்ல சாப்பாடு, நாய், வண்டிப் பதிவு

பிரிட்டன்ல இருந்து ஐரோப்பாவுக்குள்ள கறியும் பால் பொருளும் கொண்டு போகக்கூடாது, நெய்யும் அதுல சேரும். கறிவேப்பிலை, பச்சை மிளகாய்க்கெல்லாம் தாவர சுகாதார சான்றிதழ் வேணும், அதனால விட்டுட்டு போங்க, பாரிஸ்ல தமிழ் கடைங்க இருக்கிற லா சப்பல்ல எல்லாம் கிடைக்கும். மசாலா பொடி, அரிசி, பருப்பு பிரச்சனையில்ல.

நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டு 21 நாள் ஆகியிருக்கணும், ஒவ்வொரு ட்ரிப்புக்கும் வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட புதுசா ஹெல்த் சர்டிஃபிகேட் வாங்கணும், வாங்கின 10 நாளுக்குள்ள உள்ள நுழைஞ்சிடணும். மொராக்கோ, துருக்கி போற ஐடியா இருந்தா திரும்பி வர ரத்தப் பரிசோதனை கேப்பாங்களான்னு மாசக்கணக்குக்கு முன்னாடியே வெட்கிட்ட பேசுங்க.

துருக்கிலயும் மொராக்கோலயும் வண்டி உங்க பேர்ல பதிவாகும், நீங்க மட்டும் ஃபிளைட்ல கிளம்ப முடியாது, யார் கொண்டு வந்தாங்களோ அவங்களே வண்டியோட வெளிய போகணும். அவசரத்துக்கு ஊருக்கு போக வேண்டியிருக்கலாம்னா வண்டிய முதல்ல சுங்கத்துல ஒப்படைக்கிற நடைமுறைய கேட்டு வெச்சுக்கோங்க. மொராக்கோவுக்கு ட்ரோன் எடுத்துட்டு போகாதீங்க, பிடுங்கிடுவாங்க.

திரும்பி பிரிட்டன் வரும்போது வண்டி 3 வருஷத்துக்குள்ள, பெரிய மாற்றம் எதுவும் பண்ணாம வந்தா வரி கிடையாது. ஆனா அங்க புது எஞ்சினோ பெரிய ரீஃபிட்டோ பண்ணியிருந்தா பில்லெல்லாம் பத்திரமா வைங்க. 2025 ஏப்ரல் 12-ல இருந்து ஐரோப்பால வாங்கின மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, பன்னிக்கறி, சீஸ், பால் எதையும் பிரிட்டனுக்குள்ள கொண்டு வரக்கூடாது. நாய்க்கு நுழையுறதுக்கு 24-லிருந்து 120 மணி நேரத்துக்கு முன்னாடி நாடாப்புழு மருந்து கொடுத்து வெட் கையெழுத்து வாங்கணும், அதனால கலேக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு வெட் அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு அப்புறம் ஃபெர்ரி டிக்கெட் எடுங்க.